பெட்டிக்குள் ரோஸ் சர்பத்

நேற்று நோன்பு திறக்க உட்கார்ந்திருந்தோம். புதிதாக வந்த மருமகள், பாங்குக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, ஒரு கண்ணாடித் தம்ளர் நிறைய ரோஸ் சர்பத் கலக்கிக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தாள். செக்கச்செவேல் என்று இருந்தது. மேலே சப்ஜா விதை மிதந்தது. நிறத்தைக்கூட நான் தாங்கிக்கொள்வேன், வாசனைதான் முடியவில்லை. தம்ளரை இரண்டு விரலால் தள்ளி வைத்தேன். "மாமாவுக்கு சுகர்ம்மா, சொல்ல மறந்துட்டேன்" என்று என் வீட்டுக்காரி அவளிடம் சொன்னாள். அவள் பதறிப்போய் எடுத்துக்கொண்டு போனாள். நான் மூன்று பேரீச்சம்பழம் தின்று, தண்ணீர் குடித்து, தொழ எழுந்தேன்.

தொழுகையில் மனம் நிற்கவில்லை, ஓய். நேராக உம்மிடம் வந்துவிட்டது. நீர் போய் ஆறு வருஷம். அதற்கும் முன்னால், இங்கே அரபு நாட்டில் ஒரே ஊரில் இருந்துகொண்டே நாம் சரியாகப் பேசாமல் கழித்த வருஷங்கள் தனி. இப்போது எதற்குக் கடுதாசி என்று கேட்பீர். "பாய் பேனாவத் தொட்டா அதுல ஒரு லாபம் இருக்கும்வே" என்று பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துக் கண்ணடிப்பீர். இதில் லாபம் ஒன்றும் இல்லை. களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். கடையை மகன் பார்த்துக்கொள்கிறான். அல் குசைஸ் குடோனைக் காலி செய்து போன மாசம் சாவியைக் கொடுத்தாயிற்று. கொடுப்பதற்கு முன்னால் உள்ளே நின்று ஒரு தடவை கையைத் தட்டிப் பார்த்தேன். சத்தம் நாலு சுவரிலும் முட்டித் திரும்பி வந்தது. மெத்தை இருந்த காலத்தில் அங்கே எதிரொலி கிடையாது. அதில்தானே எல்லாம் ஆரம்பித்தது.

நம் பழக்கம் அதற்குப் பத்து வருஷம் முந்தியது. சோனாப்பூரில் கட்டட வேலைக்காரர்கள் தங்குகிற ஒரு கேம்ப்புக்கு நீர் பாஸ். முந்நூறு ஆளின் கட்டில், சாப்பாடு, சண்டை, காய்ச்சல் எல்லாம் உம் தலையில். நான் முந்நூறு மெத்தை கொண்டுவந்து இறக்கினேன். நீர் ஒன்றைத் தரையில் விரிக்கச் சொல்லி, முதலில் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தீர். அப்புறம் சட்டையோடு அதன்மேல் மல்லாந்து படுத்தீர். எழுந்து முதுகைத் தடவிக்கொண்டே, "பாய், இது மெத்தை இல்லவே, அப்பளம்" என்றீர். கம்பெனிக்காரன் ஆர்டரில் கையெழுத்துப் போட்டாயிற்று, உமக்கென்ன என்று கேட்டேன். "படுக்கப்போறது கம்பெனிக்காரனா?" என்றீர். முந்நூறையும் திருப்பி ஏற்றினேன். அந்த மாசம் எனக்கு நல்ல அடி. ஆனால் லாரியில் திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன், இந்த ஆளைப் பகைத்துக்கொள்ளக் கூடாது, பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று. அடுத்த தடவை நல்ல மெத்தையோடு வந்து ஊரைக் கேட்டேன். உடன்குடிப் பக்கம் என்றீர். நான் காயல்பட்டினம். ஊரிலேயே இருந்திருந்தால் ஒரே பஸ்ஸில் போய்க்கொண்டு முகம் பார்க்காமலே இருந்திருப்போம்.

செத்தவன் பாடியை ஊருக்கு அனுப்புகிற வேலையை நீர் தேடிப் போகவில்லை. உம் கேம்ப்பில் ஒருவன் தூக்கத்திலேயே போய்விட்டான். கம்பெனி ஆள் காகிதத்தை இழுத்தடித்தான். நீர் லீவு போட்டு, போலீஸ், ஆஸ்பத்திரி, கான்சுலேட், ஏர்போர்ட் கார்கோ என்று அலைந்து அவனை வீட்டுக்கு அனுப்பி வைத்தீர். அடுத்தவன் செத்தபோது உம் நம்பர் கைமாறியிருந்தது. அப்புறம் ஃபுஜைராவில் இருந்தும் அல் ஐனில் இருந்தும் முகம் தெரியாத ஆட்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். உம் மொபைல் அடிக்கும்போது உம் தோள் ஒரு தடவை தூக்கி அடங்கும். அதை நான் கவனித்திருக்கிறேன். உம்மிடம் சொன்னதில்லை.

சவப்பெட்டி செய்கிற ஆசாரி வெள்ளிக்கிழமை கடை திறக்கமாட்டான். பெருநாள் என்றால் நாலு நாள் பூட்டு. அதனால் எப்போதும் இரண்டு பெட்டி முன்கூட்டியே செய்து கையில் இருக்க வேண்டும் என்று நீர் ஒரு முறை வைத்திருந்தீர். வைக்க இடம் கேட்டீர். என் குடோனில், ஒற்றைக் கட்டில் மெத்தை அடுக்குக்குப் பின்னால் ஒரு மூலையைக் கொடுத்தேன். வாடகை பேசவில்லை, நானும் மனுஷன்தான். ஒன்று போனால் இன்னொன்று வரும். மேலே தார்ப்பாய் போட்டு மூடியிருக்கும். லீவில் ஊருக்குப் போகிறவன் அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டி எழுதுவானே, அதே மாதிரி நீர் கறுப்பு மார்க்கரால் மூடிமேல் பேர், ஊர், வீட்டு போன் நம்பர், இறங்குகிற ஏர்போர்ட் எல்லாம் எழுதுவீர். எழுத்து அச்சுப்போல இருக்கும். "தொலைஞ்சிரக் கூடாதுல்லா" என்பீர்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் நெவில் வந்தான்.

கோவாக்காரன், முப்பது வயது இருக்கும். ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் கிளெய்ம் காகிதம் பார்க்கிற வேலை. டை கட்டிக்கொண்டு வந்து, வீட்டில் ஒரு ரூமின் சுவரில் ஒட்ட ஸ்பாஞ்சு ஷீட் வேண்டும் என்றான். பாட்டுப் பிராக்டீஸ் செய்கிறார்களாம், பக்கத்து ஃபிளாட்காரர்கள் போலீஸைக் கூப்பிடுகிறார்களாம். பேசிக்கொண்டே மெத்தை அடுக்குகளுக்கு நடுவில் நின்று கையைத் தட்டினான். மறுபடி தட்டினான். நல்ல சரக்கைக் கண்ட வியாபாரி மாதிரி அவன் முகம் மாறியது. குடோன் நிறைய மெத்தை. போடுகிற சத்தத்தையெல்லாம் குடித்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு அப்புறம் பூட்டித்தானே கிடக்கிறது, எங்களுக்குக் கொடுங்களேன் என்றான். வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்குச் செத்த நேரம். செத்த நேரத்துக்கும் வாடகை தருகிறேன் என்று ஒருவன் வந்தால் நான் ஏன் வேண்டாம் என்கிறேன்? அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டால் நிறுத்த வேண்டும், மெத்தைப் பக்கம் சிகரெட் வரக் கூடாது என்று இரண்டே கண்டிஷன் போட்டேன். என்ன பாட்டு என்று கேட்கவில்லை.

முதல் வெள்ளிக்கிழமை ஷட்டருக்கு வெளியே நின்று கேட்டேன், தகரம் கிடுகிடுவென்று ஆடியது. ஒரு ஈரானி டிரம்ஸ் அடிக்கிறான், இரண்டு மலையாளிகள் கிதார். நெவில் பாடுகிறான். "தேங்க்யூ சார், சாரி சார்" என்று பூப்போலப் பேசுகிற அதே நெவில், கிணற்றில் விழுந்த எருமை மாதிரி அடித்தொண்டையில் உறுமுகிறான். டெத் மெட்டல் என்று பேர் சொன்னார்கள். பாட்டு முழுக்கப் பிணம், புழு, கிழித்த வயிறு. போட்டிருந்த கறுப்பு டி-ஷர்ட்டிலும் எலும்பும் குடலுமாகப் படம். ஆனால் பாங்கு கேட்டதும் ஈரானி குச்சியை மடியில் வைத்துவிடுவான். நாலு பேரும் தரையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் பெப்சி குடிப்பார்கள்.

குடோனைப் பார்த்துக்கொண்ட ஹம்சாக்காவை உமக்கு ஞாபகம் இருக்கும். மலப்புறத்துக்காரர். முதல் நாளே ஆயத்துல் குர்ஸி ஓதி நாலு மூலையிலும் ஊதிவிட்டு என்னிடம் வந்தார். இது ஷைத்தானின் கச்சேரி, இந்தக் காசு சேர்ந்தால் கடையின் பரக்கத், விருத்தி எல்லாம் போய்விடும் என்றார். ஷைத்தான் மாசம் பிறக்கும் முன்னாலேயே வாடகை தருவானா என்று கேட்டு அனுப்பிவிட்டேன். எனக்கு அதில் ஷைத்தானும் தெரியவில்லை, சங்கீதமும் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் வியாபாரம். தெய்ராவில் கடைவாசலில் நின்று கூவுகிறவன் பக்கத்துக் கடைக்காரனைவிட ஒரு பங்கு கூடுதலாகக் கூவினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மறுநாள் தெரு முழுக்க அதே சத்தத்தில் கூவும், யார் காதிலும் விழாது. இதுவும் அப்படித்தான். முதல் பாட்டுக்கு ஒரு பிணம் போதும், பத்தாவது பாட்டுக்குப் பத்து வேண்டும். திடுக்கிட வைக்கிறது என்பது நாளுக்கு நாள் விலை இறங்குகிற சரக்கு. இது என் கட்சி. இன்றைக்கும் அதில் பாதி சரி என்றுதான் நினைக்கிறேன்.

நீர் அந்தப் பாட்டை முதலில் கேட்டது, ஒரு பெட்டி எடுக்க வந்த வெள்ளிக்கிழமை. எனக்குப் பயம். வாரம் முழுக்க நிஜப் பிணத்தோடு அலைகிற ஆள், இந்த விளையாட்டுப் பிணத்தைக் கேட்டால் கிதாரைப் பிடுங்கி உடைத்துவிடுவார் என்று. ஹம்சாக்கா அதற்காகவே ஆசையோடு உம் பின்னால் வந்தார். நீர் கையைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டு முழுதும் கேட்டீர். முடிந்ததும் நெவிலிடம் உம் ஹிந்தியில், என்ன வார்த்தை பாடுகிறாய், எழுதி வைத்திருந்தால் காட்டு என்றீர். அவன் ஒரு தாளை நீட்டினான். நீர் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தது கொஞ்சம். அப்புறம் படித்ததெல்லாம் மரணச் சான்றிதழும் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டும். தாளில் விரலை ஓட்டிக்கொண்டே போனீர். உதடு அசைந்தது. கடைசி வரியில் நிமிர்ந்து சிரித்தீர் பாரும், அப்படி ஒரு சிரிப்பு.

"பாய், ஒரு இங்கிலீஷ் பாட்டு முழுசாப் புரியுறது இதான் முதத் தடவ. தெரியாத வார்த்தை ஒண்ணுகூட இல்லவே. பூராவும் நம்ம ஃபாரத்துல உள்ளதுதான்."

நெவிலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நானும் விளக்கவில்லை. அவர்கள் கிளம்பிப் போன பிறகுதான் நீர் தார்ப்பாயை விலக்கிப் பெட்டியை எடுத்தீர். "பயந்துரப் போறானுவ" என்றீர்.

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை தோறும் வந்தீர். டபுள் காட் மெத்தை அடுக்கின்மேல் ஏணி போட்டு ஏறுவீர். மூன்றாவது பாட்டில் தூங்கிவிடுவீர். அந்த உறுமலுக்கும் டிரம்ஸுக்கும் நடுவில் ஒரு மனுஷன் குறட்டை விடுவதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. எப்படி ஓய் முடிகிறது என்று கேட்டதற்கு, "இந்த ஒரு எடத்துலதான் போன் அடிச்சா எனக்குக் கேக்காது" என்றீர்.

பக்கத்துக் கஃபடீரியாவில் டீ குடித்துக்கொண்டே எத்தனை தடவை இதைப் பேசி மல்லுக்கட்டியிருப்போம். இந்தப் பயல்கள் ஒரு பிணத்தையாவது கிட்டத்தில் பார்த்திருப்பார்களா, எல்லாம் பொய்க்கூத்து என்பேன் நான். மறுமையில் இதைத்தான் காதில் ஊற்றுவார்கள் என்பார் ஹம்சாக்கா. "அங்க இதவிட நல்லா வாசிப்பானுவளா ஹம்சாக்கா?" என்று நீர் கேட்டதில் அவர் கோபித்துக்கொண்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அவர் போனபின் நீர் சிரிக்காமல் சொன்னது எனக்கு அப்படியே இருக்கிறது.

"ஒரு வீட்டுக்குப் போன் போட்டு ஒங்க புள்ள போயிட்டான்னு சொல்லும்போது, என் குரலு ரேடியோல செய்தி வாசிக்கிறவன் மாதிரி இருக்குவே. இத்தன வருசத்துல ஒரு பெட்டிக்குப் பக்கத்துலயும் நான் சத்தம் போட்டதில்ல. அந்தப் பய எனக்கும் சேத்துக் கத்துறான்."

அவன் உமக்காகக் கத்தவில்லை, நாலு பேரைப் பயமுறுத்திப் பேர் வாங்கக் கத்துகிறான் என்றேன். "கத்திட்டுப் போறான். மழை மட்டும் எனக்காகவா பெய்யுது?" என்று டீக்கிளாஸைக் கவிழ்த்தீர்.

ஒரு ஹோட்டல் ஹாலில், வியாழக்கிழமை சாயங்காலம், நாலைந்து குழு சேர்ந்து கச்சேரி என்று வந்தது. பஹ்ரைனில் இருந்துகூட ஒரு குழு. அதற்கு முந்தைய வெள்ளி, டிரம்ஸுக்கு இடம் பண்ண மெத்தையை நகர்த்தும்போது தார்ப்பாய் சரிந்து நெவில் பெட்டிகளைப் பார்த்துவிட்டான். வியாழக்கிழமை காலையில் என் கடைக்கு வந்தான். அது என்ன பெட்டி சார் என்றான். எக்ஸ்போர்ட் பெட்டி என்றேன். நான் விற்கிற சரக்கு என்று அவன் நினைத்துக்கொண்டான். நான் திருத்தவில்லை. ஒரே ஒரு நாளைக்கு அதில் ஒன்றைத் தர முடியுமா என்றான். அதில் அவனைப் படுக்க வைத்து மேடைக்குத் தூக்கி வருவார்களாம், முதல் பாட்டில் எழுந்து உட்காருவானாம். மற்ற குழுவெல்லாம் பிளாஸ்டிக் மண்டையோடு கொண்டுவரும், நிஜமான பெட்டி யாரிடமும் இருக்காது என்றான்.

நான் யோசித்ததை மறைக்காமல் எழுதுகிறேன். இரண்டு பெட்டியில் ஒன்றை நீர் திங்கட்கிழமை எடுத்துவிட்டீர், மாற்று இன்னும் வரவில்லை. ஒன்று சும்மா கிடக்கிறது. ஒரே வாரத்தில் உமக்கு இரண்டு தேவைப்படுவது அபூர்வம். வெள்ளி மத்தியானம் திரும்பி வந்துவிடும். உமக்குப் போன் போட மொபைலைக் கையில் எடுத்தேன். கீழே வைத்துவிட்டேன். கேட்டால் நீர் வேண்டாம் என்று சொல்லலாம், வாடகை தருகிறவன் முகம் சுளிக்கும். உமக்குத்தான் அவர்கள் பாட்டுப் பிடிக்குமே, அப்புறம் சொன்னால் சிரிப்பீர் என்றும் ஒரு எண்ணம். சும்மா கிடக்கிற சரக்கு இடத்தைத் தின்னும் என்பதுதான் என் வாழ்நாள் பாடம். தலையணை மூட்டையைத் தோளில் சுமந்து கடை கடையாக ஏறியவன் குடோன் வரைக்கும் வந்தது அந்தப் பாடத்தால். பத்திரமாகக் கொண்டா என்று சொல்லிக் கொடுத்து அனுப்பினேன். காசு வாங்கவில்லை. அதை என் பக்கத்து நியாயமாக இன்றைக்கும் எழுத வருகிறது பாரும்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நீர் குடோனில் இருந்து கூப்பிட்டீர். நாங்குநேரிப் பக்கத்து ஆள், கட்டடத்தில் கம்பி கட்டுகிற ஸ்டீல் ஃபிக்ஸர், கேம்ப்பில் நெஞ்சுவலியில் போனவர். பத்தொன்பது நாளாகக் காகிதம் எங்கோ சிக்கிக் கிடந்தது. வியாழன் மத்தியானம்தான் கடைசி முத்திரை விழுந்தது. வெள்ளி சாயங்காலம் திருவனந்தபுரம் ஃபிளைட். அதை விட்டால் இன்னும் இரண்டு நாள். ஊரில் அண்ணன்காரர் ஏர்போர்ட்டுக்கு வேன் பேசிவிட்டார், தாய் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

"பாய், பெட்டி எங்க?" என்றீர்.

அதில் 'வே' இல்லை. நெவிலுக்குக் கொடுத்ததைச் சொன்னேன். ஹம்சாக்காவின் ரேடியோ ஓடுவது போனில் கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஆசாரி கடை பூட்டு. பதினோரு மணிக்குள்ள அவரப் பெட்டியில வைக்கணும். எங்க இருக்குன்னு மட்டும் சொல்லும்" என்றீர்.

கராமாவில் நெவில் இருந்த கட்டடத்துக்கு நாம் இருவரும் பிக்கப்பில் போனோம். லிஃப்டில் நுழையவில்லை என்று பெட்டியைக் கீழே பார்க்கிங்கில் ஒரு தூணுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். நெவில் அரைக்கால் சட்டையோடு இறங்கி வந்தான். கண்ணைச் சுற்றிப் பூசின கறுப்பு முழுக்க அழியவில்லை. கச்சேரி பிரமாதம் என்று ஆரம்பித்தவன் உம் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். நீர் மூடியைத் தூக்கினீர்.

ரோஸ் சர்பத் வாசனை குப்பென்று வந்தது. ரத்தத்துக்காகப் பாட்டில் பாட்டிலாக ஊற்றியிருக்கிறார்கள். அதில் ஊறித்தான் எழுந்து உட்கார்ந்திருக்கிறான். பாலிஷ் போடாத பச்சைப் பலகை, அத்தனை சிவப்பையும் குடித்திருந்தது. ஒரு ஓரத்தில் எறும்பு வரிசை பிடித்துவிட்டது. நீர் ஒரு விரலால் தொட்டு மோந்து பார்த்தீர். அப்புறம் என்னைப் பார்த்தீர்.

"ஊர்ல தொறந்து பாப்பாக. உள்ள செவப்பப் பாத்தா என்ன நெனைப்பாக?"

எனக்கு அது தோன்றவே இல்லை. நெஞ்சுவலி என்று காகிதம் சொல்லும், பலகை வேறு சொல்லும். பிள்ளையை அடித்துக் கொன்று பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டார்கள் என்று அந்தத் தாய் சாகும் வரைக்கும் நம்புவாள். சர்பத் என்று யார் போய்ச் சொல்வது? சொன்னால்தான் என்ன மரியாதை?

பெட்டி யாருக்கு என்று நெவில் என்னிடம் மெதுவாகக் கேட்டான். சொன்னேன். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்புறம் எழுந்து மேலே ஓடி வாளியும் பிரஷ்ஷும் சமையல் கத்தியும் கொண்டுவந்தான். நீர் விலகி அவனுக்கு இடம் விட்டீர். அவன் பெட்டிக்குள் முழங்கால் போட்டு உட்கார்ந்து சுரண்ட ஆரம்பித்தான். தண்ணீர் அதிகம் ஊற்ற முடியாது, காய நேரமில்லை. வாட்ச்மேனிடம் உப்புத்தாளும் டேபிள் ஃபேனும் வாங்கினோம். சிவப்பு ரோஸ் நிறத்துக்கு வந்தது. அதற்குமேல் போகமாட்டேன் என்றது.

நான் பிக்கப்பை எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போய், இருந்ததிலேயே நல்ல ஸ்பாஞ்சு ஷீட்டும் வெள்ளைப் பருத்தி விரிப்பும் ஸ்டேப்ளரும் கொண்டுவந்தேன். அடியிலும் நாலு பக்கத்திலும் ஷீட்டை வெட்டி ஒட்டி, மேலே துணியை இழுத்துப் பிடித்து அடித்தேன். மெத்தை விற்றே முடி நரைத்தவன் என் கையால் செய்த மெத்தை அது ஒன்றுதான். நீர் குனிந்து உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தீர். அப்பளம் என்று சொல்வீரோ என்று காத்திருந்தேன். சொல்லியிருக்கலாம் நீர். மூடியைப் போட்டு, மார்க்கரை எடுத்து, அவர் பேரை எழுதினீர்.

நெவில் கூட வரட்டுமா என்று கேட்டான். நீர் அவன் தோளில் கை வைத்து, மூஞ்சியைக் கழுவிட்டுப் போய்ப் படு என்று ஹிந்தியில் சொன்னீர். வண்டியில் நாம் இருவர். தப்புதான் ஓய் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. அந்தப் பயலும் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும் என்றேன்.

"அவனுக்குத் தெரியாது பாய். உமக்குத் தெரியும்" என்றீர். ஏர்போர்ட் வரைக்கும் அவ்வளவுதான் பேச்சு. ஃபிளைட் போய்ச் சேர்ந்தது.

ஒரு வாரம் கழித்துக் கடைக்கு வந்தீர். நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. நாங்குநேரியில் இருந்து அண்ணன்காரர் பேசினாராம். பெட்டியைத் திறந்ததும் வீடு முழுக்க ரோஜாப்பூ வாசமாம். "பன்னீர் தெளிச்சு, மெத்தை போட்டு, ராசா மாதிரி அனுப்பியிருக்கீகன்னு அழுதாரு. பலக இன்னும் மணக்குதாம். ஆமான்னுட்டேன்" என்றீர்.

எனக்கு மூச்சு வந்தது. நல்லதாகத்தானே முடிந்திருக்கிறது ஓய் என்று சிரிக்கவும் பார்த்தேன்.

"அந்தப் பொய் உமக்காகச் சொன்னதில்ல" என்றீர். அன்றைக்கே மூலையில் புதிதாக வந்திருந்த இரண்டு பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போய் ஆசாரி கடையில் போட்டுவிட்டு, அவன் கடைச் சாவியில் ஒன்று உமக்கு வாங்கிக்கொண்டீர். அந்த மூலையில் நான் இரண்டு மாசம் எதுவும் அடுக்கவில்லை. அப்புறம் அடுக்கினேன்.

நெவிலும் வருவதை நிறுத்திவிட்டான். ஒரு வருஷம் கழித்து ஒரு வங்கி வாசலில் பார்த்தேன். இப்போது அஜ்மானில் ஒரு கராஜில் பிராக்டீஸ் என்றான். மேடையில் பெட்டி, எலும்பு, சாயம் எதுவும் கிடையாதாம். ஆபீஸ் சட்டையோடு அப்படியே போய் நின்று அதே பாட்டைப் பாடுகிறார்களாம். அதைப் பார்த்துப் பாதிப் பேர் சிரிக்கிறார்கள், பாதிப் பேர் முன்னைவிடப் பயப்படுகிறார்கள் என்றான். அப்புறம், உங்கள் நண்பர் வெள்ளிக்கிழமை பஸ் பிடித்து வருகிறார், டயர் அடுக்கில் சாய்ந்து தூங்குகிறார் என்றான். எனக்குப் பொறாமையாக இருந்தது, ஓய். சர்பத்தை ஊற்றினவனிடம் போய்த் தூங்குகிறீர், பெட்டியைக் கொடுத்தவன் கடை வாசலை மிதிக்கவில்லை.

ஒரேயடியாகப் பேசாமலும் இல்லை நீர். கல்யாணத்தில், ஏர்போர்ட்டில், எங்கே பார்த்தாலும் கையைப் பிடித்து "நல்லாருக்கீங்களா பாய்" என்று கேட்டீர். நீர் என்னை 'நீங்க' என்று கூப்பிட ஆரம்பித்ததுதான் எனக்குத் தண்டனை. அப்புறம் அந்த இறக்கம் வந்தது. சைட்டெல்லாம் நின்று, கேம்ப்புகள் காலியாகி, நான் விற்ற மெத்தையே பாதி விலைக்கு என்னிடம் திரும்பி வந்தது. நீரும் கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்குப் போனீர். வழியனுப்ப நான் வரவில்லை. லோடு இறங்குகிற நாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உம் மகன் போன் போட்டுச் சொன்னபோது லாரியில் தலையணை ஏற்றிக்கொண்டிருந்தோம். வீட்டுக் கட்டிலில், தூக்கத்தில் என்றான். உமக்குப் பெட்டி தேவைப்படவில்லை. எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள், யார் யாருக்குச் சொல்லியாயிற்று என்று நான் விசாரித்தேன். வைத்த பிறகுதான் கவனித்தேன், என் குரல் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவன் மாதிரி இருந்தது.

நெவில் கனடாவுக்குப் போகும் முன் ஒரு சிடி கொடுத்துவிட்டுப் போனான். உம் சாவுச் சேதி வந்த அன்றைக்கு அதைக் காரில் போட்டு, ஒரு காலி மனையில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, சத்தத்தை முழுதாக வைத்துக் கேட்டேன். இப்போதும் எனக்கு அது பாட்டாகத் தெரியவில்லை. உம்மைப்போலத் தூக்கமும் வரவில்லை. மொபைல் மடியில் கிடந்து வெளிச்சம் அடித்து அடித்து அணைந்தது. மணி மட்டும் கேட்கவில்லை. நீர் சொன்னதில் அது உண்மை. இரண்டு பாட்டு தாங்கினேன்.

இன்று காலை மருமகள் வந்து, சர்க்கரை போடாத சர்பத் கிடைக்கிறதாம், வாங்கி வரட்டுமா மாமா என்று கேட்டாள். நல்ல பிள்ளை. வேண்டாம்மா என்றேன். எனக்குச் சுகர் கிடையாது, ஓய். டாக்டரிடம் தனியாகத்தான் போவேன். போன மாசம்கூட ரத்தம் பார்த்து ஒன்றும் இல்லை என்றார். அந்த வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் வந்த நோன்பில், இந்தத் தம்ளரைத் தள்ளி வைக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது, வாயில் வந்ததைச் சொன்னேன். அதிலிருந்து வீட்டில் அந்த வியாதி இருக்கிறது. நான் மூன்று பேரீச்சம்பழம் தின்பதை யாரும் கேட்பதில்லை. வீட்டுக்காரி மட்டும் இரண்டு வருஷம் முன்னால் ஒரு நாள், என் கையில் இருந்த பழத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, "உங்களுக்கு உண்மையிலேயே சுகர்தானா?" என்று கேட்டாள்.

ஆமான்னுட்டேன்.